விஞ்ஞான விதியும் சாஸ்திர விதியும்

சென்ற வாரம் நமது காரியாலயத்துக்கு ஒரு அன்பர் வந்திருந்தார். படித்தவர், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், நம்மிடத்தில் விரோதமும் இல்லாதவர். அவர் ஏதோ ஒரு பத்திரிகையில் ஆகாயத்து ஒளிமேகங்களைப் பற்றிய கட்டுரை ஒன்றை வாசித்துவிட்டு, அதிலிருந்து "விலக்கப்பட்ட ஒளி" என்கின்ற ஒரு பதத்தைக் கண்டெடுத்துக்கொண்டு வந்திருந்தார். "நாங்கள் 'விலக்கு' என்று சொன்னால் எங்கள்மேல் பாய்கின்றீர்களே, உங்கள் விஞ்ஞானிகள் செய்திருப்பது என்ன? அவர்களும் ஒரு விதியைச் செய்து, அதன்படி இன்ன ஒளி வரக்கூடாது என்று விலக்கி வைத்தார்கள். பிறகு அந்த ஒளியே ஆகாயத்தில் வந்து நின்றது. உடனே விதிக்கு ஒரு சமாதானம் எழுதிக்கொண்டார்கள். எங்கள் சாஸ்திரத்திலும் விதி உண்டு, விலக்கு உண்டு, தவறினால் பரிகாரம் உண்டு. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? நேற்று ஒன்றும் இன்று ஒன்றுமாகப் பேசுகின்ற உங்கள் விஞ்ஞானத்தைவிட, ஆயிரக்கணக்கான வருஷமாய் ஒரே பேச்சைப் பேசுகின்ற எங்கள் சாஸ்திரம் மேலானதல்லவா?" என்பதாகக் கேட்டார்.

இந்தக் கேள்வியை அலட்சியமாகத் தள்ளிவிட நாம் பிரியப்படவில்லை. ஏனெனில் இதே கேள்வி வெவ்வேறு உருவத்தில் மேடைகளிலும், ரயில் வண்டிகளிலும், கலியாண வீடுகளிலும் நம்மவர்களைப் பார்த்துக் கேட்கப்பட்டு வருகின்றது. நம்மவர்களிலும் பலர் விஞ்ஞானம் என்ற பேரை மாத்திரம் உரக்கச் சொல்லிவிட்டு, அதற்குள்ளே போகாமல் நின்றுவிடுகின்றார்கள். பேரைச் சொல்லி மிரட்டுவதுதான் வேலை என்றால் அதற்கு நாம் எதற்கு? புரோகிதரே போதுமே. ஆதலால் அன்பர் கொண்டுவந்த அந்த விலக்கப்பட்ட ஒளியைப்பற்றியே சற்று விபரமாகப் பேசுவோம். கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

அடுப்பில் சோறு பொங்கி உப்புத் தண்ணீர் நெருப்பில் விழுந்தால் ஜ்வாலை பளிச்சென்று மஞ்சளாவதை நம் வீட்டுப் பெண்கள் எல்லோரும் பார்த்திருக்கின்றார்கள். அந்த மஞ்சள், உப்பிலுள்ள சோடியம் என்கின்ற வஸ்துவின் அணுக்கள் கொடுப்பது. ஒவ்வொரு வஸ்துவின் அணுவுக்கும் தனக்கென்று சில படிகள் உண்டு. நெருப்பினாலோ மின்சாரத்தினாலோ மற்றொன்று வந்து மோதுவதினாலோ சக்தி கிடைத்தால் அணு மேல்படிக்கு ஏறும். கீழே இறங்கும்போது வாங்கிய சக்தியை ஒளியாக விட்டுவிடும். எந்தப் படியிலிருந்து எந்தப் படிக்கு இறங்கிற்று என்பதைப் பொறுத்து ஒளியின் நிறம். சோடியத்தின் படிகள் வேறு, இரும்பின் படிகள் வேறு. ஆகவே ஒளியை முப்பட்டைக் கண்ணாடியில் விட்டுப் பிரித்து, எந்தெந்த இடத்தில் கோடு விழுகின்றது என்று பார்த்தால், இன்ன வஸ்து என்று சொல்லிவிடலாம். அது நம் வீட்டு அடுப்பில் இருந்தாலும் ஒன்றுதான், எட்டாத நட்சத்திரத்தில் இருந்தாலும் ஒன்றுதான்.

சாதாரணமாக அணு மேல்படியில் வெகுநேரம் தங்குவதில்லை. ஒரு விநாடியைப் பத்துக் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு, இரண்டு பங்கு நேரத்துக்குள் இறங்கிவிடும். ஆனால் சில படிகளிலிருந்து மாத்திரம் இறங்குவது மகா பிரயாசை. அந்த அணுவின் அமைப்பில் சாதாரண வழியாய் ஒளி விடுவதற்குத் தோது இருக்காது. இப்படிப்பட்ட இறக்கத்துக்குத்தான் "விலக்கப்பட்டது" என்று பேர் வைத்தார்கள். இந்தப் பேர் சுத்த மோசமான பேர் என்பதே நமது அபிப்பிராயம். ஏனெனில் விலக்கியவர் ஒருவருமில்லை, விலக்கவுமில்லை. இறங்கக் காலதாமதமாகும் என்பதற்குமேல் அதில் ஒரு சங்கதியும் கிடையாது. "தாமத ஒளி" என்று வைத்திருந்தால் நம் அன்பருக்கு இவ்வளவு சந்தோஷமும் ஏற்பட்டிருக்காது, நமக்கும் இவ்வளவு மை செலவாகியிருக்காது.

நிற்க, ஆகாயத்தில் வந்து நின்ற ஒளியின் கதையைப் பார்ப்போம். 1864ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் லண்டனில் வில்லியம் ஹக்கின்ஸ் என்பவர், ஜவுளி வியாபாரத்தை விட்டுவிட்டு வீட்டிலேயே தொலைநோக்கி வைத்துக்கொண்டு ஆகாயம் பார்த்தவர், ஒரு ஒளிமேகத்தின் ஒளியைப் பிரித்துப் பார்த்தார். நட்சத்திரக் கூட்டமாயிருந்தால் வானவில்போல் எல்லா நிறமும் தெரியவேண்டும். தெரிந்ததோ சில பிரகாசமான கோடுகள் மாத்திரம்; அவற்றில் முக்கியமானது பச்சை. அதனால் அது நட்சத்திரக் கூட்டமல்ல, வெறும் வாயு என்பது தெரிந்துவிட்டது. ஆனால் எந்த வாயு? முதலில் நைட்ரஜனாயிருக்கலாமோ என்று நினைத்தார். திருத்தமாக அளந்து பார்த்ததில் அதுவும் ஒத்துவரவில்லை. பூமியில் தெரிந்த எந்த வஸ்துவுக்கும் அந்தக் கோடு பொருந்தவில்லை. கடைசியில், பூமியில் இல்லாத ஏதோ ஒரு புது வஸ்து என்பதாக வைத்துக்கொண்டு அதற்கு "நெபூலியம்" என்று ஒரு பேரும் சூட்டிவிட்டார்கள்.

இவ்விடத்தில் விஞ்ஞானிகளையும் நாம் விட்டுவிடத் தயாராயில்லை. தெரியாததற்கு ஒரு பேரை வைத்துவிட்டால் தெரிந்துவிட்டது போன்ற ஒரு திருப்தி மனுஷனுக்கு உண்டாகிவிடுகின்றது. அந்தத் திருப்தி அவர்களையும் பிடித்தது. அவர்கள் பக்கத்தில் ஒரு நியாயமும் இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். 1868இல் சூரிய ஒளியில் இப்படியே பொருந்தாத ஒரு மஞ்சள் கோடு கண்டு, லாக்கியர் என்பவர் அது ஒரு புது வஸ்து என்று சொன்னார். அதற்கு "ஹீலியம்" என்று பேரும் வந்தது. பலர் நம்பவில்லை. 1895இல் ராம்ஸே என்பவர் பூமியிலேயே ஒரு கனிப்பொருளிலிருந்து அந்த வாயுவை எடுத்து, அதே மஞ்சள் கோட்டைக் காட்டினார். ஒருமுறை பலித்த யுக்தி மறுமுறையும் பலிக்கும் என்று நினைத்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் பலிக்கவில்லை. ரசாயன வஸ்துக்களின் வரிசை நிரம்ப நிரம்ப, நெபூலியத்துக்கு உட்கார இடமே இல்லாமற் போய்விட்டது.

1927இல் அமெரிக்காவில் கலிபோர்னியாவிலுள்ள போவன் என்பவர் இந்த முடிச்சை அவிழ்த்தார். அது புது வஸ்துவுமல்ல, தேவலோகத்து வஸ்துவுமல்ல. நாம் மூச்சுவிடுகின்ற பிராணவாயுவேதான்! பக்கத்து நட்சத்திரத்தின் கடுமையான ஒளியினால் இரண்டு எலெக்ட்ரான்களை இழந்துவிட்ட பிராணவாயு அணு, மேற்சொன்ன தாமதப் படியிலிருந்து இறங்கும்போது விடுகின்ற ஒளி அது. பிராணவாயுவின் படிகளுக்குள் உள்ள வித்தியாசத்தை அவர் கணக்குப் போட்டார். ஆகாயத்தில் தெரிந்த பச்சைக் கோடுகளின் இடம் அப்படியே வந்து விழுந்தது. அந்தப் படியில் அந்த அணு சராசரியாய் அரை நிமிஷத்துக்கு மேலேயே காத்திருக்கின்றது. அணுவின் கணக்கில் அரை நிமிஷம் என்பது நமக்கு ஒரு யுகத்துக்குச் சமானம்.

அப்படியானால் அந்த ஒளி பூமியில் ஏன் தெரியவில்லை? இதுதான் விஷயத்தின் கழுத்து. நம்மைச் சுற்றியுள்ள காற்றில் ஒரு கன சென்டிமீட்டரில் 27க்குப் பின்னால் 18 சைபர் போட்ட தொகையுள்ள துணுக்குகள் இருக்கின்றன. அவற்றில் ஒவ்வொன்றும் ஒரு விநாடிக்குச் சில நூறு கோடித் தடவை மற்றொன்றோடு மோதிக்கொண்டிருக்கின்றது. அரை நிமிஷம் காத்திருக்கவேண்டிய அணுவை இந்தச் சந்தைக்கூட்டத்தில் கொண்டுவந்து நிறுத்தினால் என்ன நடக்கும்? ஒளி விடுவதற்கு முன்னால் எவனாவது இடித்து, அதன் மடியிலிருந்த சக்தியைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவான். அந்தச் சக்தி இடித்தவனுடைய வேகமாய் மாறிவிடும். ஒளியாய் வெளியே வராது. காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு நாம் வெறுமை என்று சொல்லுகின்ற கண்ணாடிக் குழாயிலேகூட ஒரு கன சென்டிமீட்டரில் கோடிக்கணக்கான துணுக்குகள் மிச்சமிருக்கும்; போதாதற்குக் குழாயின் சுவரும் இருக்கின்றது. ஆகாயத்து ஒளிமேகத்திலோ அதே இடத்தில் சில நூறோ சில ஆயிரமோதான். சுவர் என்பதே கிடையாது. அங்கே அணுவை இடிப்பாரில்லை. ஆகவே அது நிதானமாய்க் காத்திருந்து, தன் ஒளியைத் தானே விடுகின்றது.

இது வெறும் சமாதானம் என்று சொல்லுகின்றவர்கள் பூமியின் துருவப் பிரதேசங்களில் இரவில் ஆகாயத்தில் ஆடுகின்ற துருவ ஒளியைப் பார்த்துக்கொள்ளலாம். அதில் பச்சையும் உண்டு, சிவப்பும் உண்டு. இரண்டையும் கொடுப்பது பிராணவாயு அணுதான். பச்சைக்கு முக்கால் விநாடி காத்திருந்தால் போதும். சிவப்புக்கு இரண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் காத்திருக்கவேண்டும். ஆகவே இப்படித்தான் இருக்கவேண்டும் என்று கணக்குச் சொல்லுகின்றது: காற்று நெருங்கிய இடத்தில் சிவப்பு செத்துவிடவேண்டும், பச்சை பிழைக்கவேண்டும், உயரத்தில் சிவப்பு தெரியவேண்டும். அப்படியேதான் இருக்கின்றது. 100 கிலோமீட்டர் உயரத்தையடுத்துப் பச்சை. 200 கிலோமீட்டருக்கு மேலே சிவப்பு. அந்தப் பச்சையைக் கனடாவின் டொரன்டோ நகரத்தில் மக்லெனன், ஷ்ரம் என்ற இருவர் 1925இல் குழாய்க்குள்ளேயே உண்டாக்கிக் காட்டிவிட்டார்கள்.

இதுவரையில் சொன்னது மோதல் ஒளியைக் கெடுக்கின்ற கதை. இனி மோதலே ஒளியை உண்டாக்குகின்ற கதை ஒன்று இருக்கின்றது. அன்பர் வாசித்த கட்டுரையில் இது இல்லை போலிருக்கின்றது. இருந்திருந்தால் இதையும் ஒரு குற்றமாகக் கொண்டுவந்திருப்பார்.

ழான்சென் என்று ஒரு பிரஞ்சுக்காரர். சிறு வயதிலேயே கால் ஊனமானவர். அப்படியிருந்தும் அவர் போகாத இடமில்லை. 1868ஆம் வருஷம் ஆகஸ்டு 18ந் தேதி சூரிய கிரகணத்தைப் பார்ப்பதற்காக அப்போது சென்னை மாகாணத்திலிருந்த குண்டூருக்கு வந்து, சூரியனைச் சுற்றி எழும்புகின்ற ஜ்வாலைகளின் ஒளியைப் பிரித்துப் பார்த்து, கிரகணமில்லாமலேயே அவற்றை மறுநாள் பார்க்கும் வழியையும் கண்டுபிடித்தார். (நம் நாட்டு ஜனங்கள் அன்றைக்கு என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை.) 1870இல் பாரிஸ் நகரத்தைச் சத்துருக்கள் முற்றுகையிட்டிருந்தபோது, மற்றொரு கிரகணத்துக்காக ஆகாயக் கப்பலிலேறி முற்றுகையைத் தாண்டிப் போனார். போய்ச் சேர்ந்த இடத்தில் மேகம் மூடிவிட்டது என்பது வேறு விஷயம்.

இந்த ழான்சென் 1885ஐயொட்டி, நீளமான குழாய்களில் பிராணவாயுவை நெருக்கி அடைத்து அதன் வழியாய் வெளிச்சத்தை விட்டுப் பார்த்தார். வாயு வெளிச்சத்தில் சில பாகத்தைத் தின்றுவிடுகின்றது. வாயுவை இரட்டிப்பாக நெருக்கினால் தின்பதும் இரட்டிப்பாகவேண்டும் என்பது சாதாரண நியாயம். சில கோடுகள் அப்படியே நடந்தன. ஆனால் வேறு சில அகலமான பட்டைகள், வாயுவை இரட்டித்தால் நாலு பங்காகவும், மூன்று மடங்காக்கினால் ஒன்பது பங்காகவும் பெருகின. ஏன் என்று அவருக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாததினால் அவர் அதை மறைக்கவுமில்லை, பேர் சூட்டி ஒரு பீடத்தில் ஏற்றவுமில்லை. அளந்ததை அளந்தபடி எழுதி வெளியிட்டுவிட்டார்.

அதன் அர்த்தம் இப்பொழுது தெரியும். ஒரு அறையில் 10 பேர் இருந்தால் இருவர் இருவராய்க் கைகுலுக்க 45 வழிகள் உண்டு. 20 பேரானால் 190, அதாவது ஏறக்குறைய நாலு பங்கு. தனியாளாய்ச் செய்கின்ற காரியம் ஆள் கணக்கில் பெருகும். இருவர் சந்தித்துச் செய்கின்ற காரியம் ஜோடிக் கணக்கில் பெருகும். பிராணவாயுவின் மூலக்கூறு ஒன்று தனியாக அந்த ஒளியை விழுங்க முடியாது. இரண்டு மோதிக்கொள்ளுகின்ற அந்த நொடியில், ஒரே ஒளித் துணுக்கை இரண்டும் பங்குபோட்டு விழுங்கிவிடுகின்றன. நூறு ரூபாய் டிக்கெட்டுக்கு ஆளுக்கு ஐம்பது போட்டு இருவர் கூட்டாய் வாங்குவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். 1933இல் எல்லிஸ், கினேசர் என்ற இருவர் இதை இப்படிக் கணக்கிட்டு விளக்கினார்கள். பிராணவாயுவை பூஜ்யத்துக்குக் கீழே 183 டிகிரிக்குக் குளிரவைத்துத் திரவமாக்கினால் அது இளநீலமாய் இருக்கின்றதே, அதற்கும் இதுதான் காரணம். திரவத்தில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன, ஜோடிகள் சேர்ந்து சிவப்பையும் ஆரஞ்சையும் தின்றுவிடுகின்றன, மிஞ்சியது நீலம். ஆகாயத்தின் நீலத்துக்குக் காரணம் வேறு. அதையும் இதையும் யாரும் குழப்பிக்கொள்ளவேண்டாம்.

வாங்கத் தெரிந்தவன் கொடுக்கவும் தெரிந்தவனாக வேண்டுமல்லவா? ஹைட்ரஜன் பெராக்சைடு என்கின்ற திராவகமும் குளோரினும் கலக்கும்போது இருட்டில் ஒரு மங்கலான சிவப்பு ஒளி தோன்றும். சக்தியேறிய இரண்டு பிராணவாயு மூலக்கூறுகள் சந்தித்து, தங்கள் தங்கள் பாதிப் பங்கை ஒன்றாய்ச் சேர்த்து ஒரே ஒளித் துணுக்காக வெளியே விடுகின்றன. தனித்தனியே ஒவ்வொன்றும் விட்டால் அது கண்ணுக்குத் தெரியாத உஷ்ணக் கதிராய்ப் போய்விடும். இந்தச் சிவப்பு ஒளி பிராணவாயு மூலக்கூறுகளிலிருந்தே வருகின்றது என்பதை 1963இல் கானும் காஷாவும் எடுத்துக் காட்டினார்கள்.

இன்னும் ஒரு படி மேலே போவோம். ஹைட்ரஜன், நைட்ரஜன், பிராணவாயு இவற்றின் மூலக்கூறுகளில் ஒரே மாதிரியான இரண்டு அணுக்கள் இருப்பதால், இந்தப் பக்கம் மின்சாரம் அதிகம், அந்தப் பக்கம் குறைவு என்கின்ற பேதம் இல்லை. பேதமில்லாததால் அவை ஆடினாலும் சுழன்றாலும் உஷ்ணக் கதிரை அநேகமாய் வாங்கவும் கொடுக்கவும் மாட்டா. ஆனால் இரண்டு மோதும்போது ஒன்றையொன்று நசுக்கி எலெக்ட்ரான்களைச் சற்று ஒதுக்கிவிடுகின்றன. ஒரு விநாடியை லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கோ, அதற்கும் குறைந்த நேரமோதான் அந்த நிலை இருக்கும். அதற்குள் ஒளி வாங்கப்பட்டுவிடும். 1949இல் அதே டொரன்டோ நகரத்தில் கிராஃபோர்டு, வெல்ஷ், லாக் என்ற மூவர் வாயுக்களை நெருக்கி அடைத்து இதைப் பிரத்தியட்சமாய்க் கண்டார்கள். பத்து வருஷத்துக்குப் பின், 1959இல், அங்கேயே ஹீலியம், நியான், ஆர்கான் போன்ற ஒன்றோடும் சேராத தனி அணு வாயுக்களைக் கலந்து பார்த்தார்கள். தனித்தனியே இருக்கும்போது இந்த ஒளியை வாங்காத அவை, கலந்தபோது வாங்கின. ஒரே இனத்து அணுக்கள் இரண்டு மோதினால் இரு பக்கமும் சமமாகிவிடுவதால் ஒன்றும் நடப்பதில்லை. வேறு இனத்து அணுக்கள் மோதினால்தான் ஒளி வாங்கும் சக்தி பிறக்கின்றது.

இதைக் கேட்டவுடன் நமது தோழர்களில் சிலர், கலப்பு மணத்துக்கு அணுவே சாட்சி சொல்லுகின்றது என்று மேடையேறிவிடக்கூடும். தயவுசெய்து ஏறவேண்டாம். அணுவுக்கு ஜாதியுமில்லை, கலியாணமுமில்லை. கலப்பு மணத்துக்குள்ள நியாயம் மனிதர்களிடத்திலேயே வேண்டியமட்டும் இருக்கின்றது; அதற்கு ஆர்கானைச் சாட்சிக்கு அழைத்தால், நாளைக்குப் புரோகிதர் வேறொரு வாயுவை எதிர்ச்சாட்சியாகக் கூட்டிக்கொண்டு வருவார்.

இந்த மோதல் ஒளியினால் என்ன பிரயோஜனம் என்று கேட்கலாம். 1949இல் கைபர் என்பவர் யுரேனஸ் கிரகத்திலிருந்து வரும் ஒளியில் ஒரு மங்கலான, அகலமான பட்டை குறைவதைப் பார்த்தார். அது எதனால் என்பது விளங்கவில்லை. 1952இல் கனடாவிலிருந்த ஹெர்ஸ்பர்க் என்பவர் ஹைட்ரஜனை நெருக்கிக் குளிரவைத்துச் சோதித்து, மோதுகின்ற ஹைட்ரஜன்தான் அந்தப் பட்டையை உண்டாக்குகின்றது என்று காட்டினார். யுரேனஸிலும் நெப்டியூனிலும் ஹைட்ரஜன் இருப்பது அப்படித்தான் ருசுவாயிற்று. இந்த ஹெர்ஸ்பர்க் ஜெர்மனியில் பிறந்தவர்; அவருடைய மனைவி யூத குலத்தில் பிறந்தவர் என்கின்ற ஒரே குற்றத்துக்காக 1935இல் அவர் அந்நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. பிறப்பைப் பார்த்து மனிதனை விலக்குகின்ற நாடு எதை இழக்கின்றது என்பதற்கு வேறு கணக்கு வேண்டியதில்லை. 1971இல் நோபல் பரிசு கனடாவிலிருந்த அவருக்குக் கிடைத்தது. நம்மவர்கள் ஏழரை நாட்டு வருஷமென்று நடுங்குகின்ற சனிக்கிரகத்தையும் 1980, 1981 வருஷங்களில் வாயேஜர் விமானங்கள் கிட்டப்போய்ப் பார்த்தன. அது பெரும்பாலும் ஹைட்ரஜனும் ஹீலியமும். அதிலிருந்து வருகின்ற உஷ்ணக் கதிரின் ஜாடையை நிர்ணயிப்பதும் அவை மோதிக்கொள்ளுவதுதான்.

எல்லாவற்றிற்கும் மேலான சங்கதி நம் தலைக்கு மேலேயே இருக்கின்றது. பகல் வெளிச்சத்தில் பெரும்பாகம் எப்படிப் பிறக்கின்றது? சூரியனின் மேற்பரப்பில் ஹைட்ரஜன் அணுவோடு ஒரு உதிரி எலெக்ட்ரான் வந்து மோதும்போது, அது அணுவிலேயே ஒட்டிக்கொண்டாலும் சரி, சும்மா ஒதுங்கிப் போனாலும் சரி, ஒளியை விடும். அதே வழியில் ஒளியை வாங்கவும் செய்யும். எலெக்ட்ரான் ஒட்டிக்கொண்ட அணுக்கள் பல கோடியில் ஒன்றுதான் இருக்கும். அந்த ஒன்றுதான் சூரியன் நம் கண்ணுக்குத் தெரிகின்ற விதத்தையே தீர்மானிக்கின்றது. வில்ட் என்பவர் 1939இல் இந்த யோசனையைச் சொன்னார். சென்னை ராஜதானிக் கல்லூரியில் படித்த சந்திரசேகர், பிரீன் என்ற அம்மையாரோடு சேர்ந்து 1946இல் அதன் கணக்கைப் போட்டு முடித்தார். தினம் காலையில் சூரிய நமஸ்காரம் செய்கின்றவர்களும் சரி, செய்யாத நாமும் சரி, பார்ப்பது இந்த மோதல் வெளிச்சத்தைத்தான்.

இப்போது அன்பரின் கேள்விக்கு வருவோம். ஒளி விஷயத்தில் "இன்ன ஒளி வராது" என்று சொன்ன விதி எது? தனியான ஒரு அணு, இன்ன அமைப்புடையது, சாதாரண வழியாய் இறங்குவது என்கின்ற நிபந்தனையோடு சொல்லப்பட்டது. நிபந்தனை மாறினால் பலன் மாறும் என்பது அந்த விதிக்குள்ளேயே அடங்கியிருக்கின்றது. அணு இடிபடாமல் காத்திருந்தால் ஒளி வரும், இடிபட்டால் வராது. மூலக்கூறு தனியாயிருந்தால் ஒளியை வாங்காது. இரண்டு சேர்ந்தால் வாங்கும். எவ்வளவு நேரம் காத்திருக்கவேண்டும், எத்தனை துணுக்குகளுக்கு மேலே போனால் ஒளி கெடும், எத்தனை பங்கு நெருக்கினால் எத்தனை பங்கு பெருகும் என்பதற்கெல்லாம் கணக்கு இருக்கின்றது. கணக்குத் தப்பினால் விதி தப்பு. இதில் சமாதானம் எழுதிக்கொள்ள இடமேது?

அன்பரின் சாஸ்திரத்திலுள்ள விலக்குக்கு நிபந்தனை என்ன, கணக்கு என்ன? 1924ஆம் வருஷம் வைக்கத்தில் கோவிலைச் சுற்றிய தெருக்களில் இன்ன ஜாதியில் பிறந்தவர்கள் நடக்கக்கூடாது என்று விதி இருந்தது. நடந்தால் தீட்டு என்றார்கள். அந்தத் தெருவில் நடக்கப் புறப்பட்டவர்களைக் கண்டதும், தீட்டு என்பது உண்டா, உண்டானால் எத்தனை கஜ தூரத்தில் எவ்வளவு என்று எவராவது அளந்து பார்த்தார்களா? நடக்கப் போனவனைப் பிடித்துச் சிறையில் வைத்தார்கள். ஆகாயத்தில் விலக்கப்பட்ட ஒளி வந்து நின்றபோது விஞ்ஞானிகள் ஒளியைத் தண்டிக்கவில்லை. தங்கள் கணக்கைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். தெருவில் விலக்கப்பட்ட மனிதன் வந்து நின்றபோது சாஸ்திரக்காரர்கள் தங்கள் ஏட்டைத் திரும்ப எடுத்துப் பார்க்கவில்லை, மனிதனைத் தண்டித்தார்கள். இரண்டுக்கும் "விதி" என்று ஒரே வார்த்தை நம் பாஷையில் அமைந்துவிட்டது பாஷையின் குறையே தவிர, விஞ்ஞானத்தின் குறையல்ல. போதாதற்குத் தலையெழுத்துக்கும் அதே வார்த்தைதான்.

விஞ்ஞானிகள் எல்லோரும் உத்தமர்கள் என்றோ, பிடிவாதமில்லாதவர்கள் என்றோ நாம் சொல்ல வரவில்லை. நெபூலியம் என்று இல்லாத ஒரு வஸ்துவைப் பல வருஷகாலம் புஸ்தகங்களில் எழுதிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்தான். ஆனால் 1927க்குப் பிறகு அந்தப் பேருக்காக ஒருவராவது கச்சை கட்டிக்கொண்டு நிற்கவில்லை; நெபூலியம் மடம் என்று ஒன்று கட்டி மானியம் கேட்கவுமில்லை. பேரை அழித்துவிட்டுப் பிராணவாயு என்று எழுதிக்கொண்டார்கள். அவ்வளவுதான் வேலை.

இனி, ஆயிரக்கணக்கான வருஷமாய் ஒரே பேச்சு என்கின்ற பெருமையைப் பற்றி. அசையாமல் ஒரே நிலையில் இருப்பதுதான் மெய்க்கு அடையாளம் என்றால், நம் வீட்டுத் தாழ்வாரத்திலிருக்கின்ற ஆட்டுக்கல்லைவிடப் பெரிய ஞானி உலகத்தில் யாருமில்லை. ழான்சென் அளந்து எழுதிய நாலு பங்கு, ஒன்பது பங்குக் கணக்கும் இன்றுவரை மாறவில்லை. ஆனால் அது மாறாமலிருப்பது, யாரும் அளக்கக்கூடாது என்று தடுத்ததினாலல்ல. அளந்தவர்கள் எல்லோருக்கும் அதே கணக்கு வந்ததினால்.

அன்பர் இவ்வளவையும் பொறுமையாய்க் கேட்டார் என்பதற்காக அவருக்கு நாம் நன்றி சொல்லவேண்டியதுதான். திரவப் பிராணவாயு நீலமாயிருப்பது நிஜந்தானா என்று மாத்திரம் இரண்டு தடவை கேட்டார். படம் காட்டினோம். அடுத்த வாரம் தக்க ஆதாரங்களோடு மறுபடியும் வருவதாய்ச் சொல்லிப் போயிருக்கின்றார். வரும்போது, எத்தனை தீட்டுக்கு எத்தனை பரிகாரம் என்று அளந்து பார்த்தவர் யார், எதைக்கொண்டு அளந்தார் என்பதையும் விசாரித்துக்கொண்டு வரும்படி கேட்டுக்கொண்டிருக்கின்றோம்.